உடற்பயிற்சியையும் மருந்துச் சீட்டில் எழுதுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்கள், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தார்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். காவிரிப் படுகையின் சிற்றூர்களிலிருந்து முழங்கால் வலி, இடுப்பு வலி, தோள்பட்டை இறுக்கம் என்று வந்தவர்களைப் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் என் மேசைக்கு வந்து சேர்வதற்குள் தொடைத் தசை மெலிந்து, கால் வளைந்து, நடை தள்ளாடத் தொடங்கியிருக்கும். வலி தொடங்கிய முதல் ஆண்டிலேயே, வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைத்திருக்க வேண்டிய ஒரு சிகிச்சை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியே அந்தச் சிகிச்சை. அதைப் போகிற போக்கில் அறிவுரையாகச் சொல்லி அனுப்பாமல், அளவு குறித்து, செய்து காட்டி, வாரந்தோறும் கண்காணித்து, இரத்த அழுத்த மாத்திரையை எவ்வளவு பொறுப்போடு வழங்குகிறீர்களோ அதே பொறுப்போடு வழங்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

வேறு மாநிலம் ஒன்றில் இதைக் கேட்டால் அதற்கு ஆள் இல்லை என்று சொல்லிவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருவதோடு நிற்காமல், இயன்முறை சிகிச்சையையும் வீடு தேடிக் கொண்டுபோனது. வட்டார அளவில் இயன்முறை மருத்துவரைப் பணியமர்த்தியது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, மாவட்ட மருத்துவமனைக்கு வெளியே எங்கள் தொழிலுக்கு இடமே இல்லாதிருந்த காலத்தில் வேலை பார்த்த என் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தபோது நான் மகிழ்ந்தேன்.

ஆனால் அந்த வட்டார இயன்முறை மருத்துவரின் வண்டி யார் வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். பக்கவாதம் வந்து படுத்தவர், காலை இழந்தவர், இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாத முதியவர் ஆகியோரின் வீடுகளுக்குப் போகிறது. அது சரியே, அவர்களுக்குத்தான் முதல் உரிமை. வலியோடு நடந்து வந்து புறநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிற ஐம்பது வயதுப் பெண்ணோ, படுக்கையில் இல்லாததால் வீட்டுச் சேவைக்கும் உரியவர் ஆவதில்லை, அறுவைக்கான நிலையை எட்டாததால் மருத்துவமனைக்கும் அனுப்பப்படுவதில்லை. திட்டத்தின் பார்வையில் அவர் நலமாக இருப்பவர். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே வண்டி அவர் வீட்டு வாசலில் நிற்கும்.

அந்தப் பெண்ணுக்கு இன்று கிடைக்கும் வைத்தியத்தைச் சொல்கிறேன். நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். "முட்டி ரெண்டும் வலிக்குது டாக்டர், ஒக்காந்தா எந்திரிக்க முடியல" என்கிறார். வரிசை வாசல்வரை நிற்கிறது. மருத்துவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். இடுப்பில் டைக்ளோபினாக் என்னும் வலிநிவாரணி ஊசி ஒன்று, ஐந்து நாளைக்கு அதே மாத்திரை, வயிற்றைக் காக்க ஒன்று, கூடவே கால்சியம். எழுந்து போகும்போது "கீழே உட்காராதீங்க, மாடி ஏறாதீங்க, ரொம்ப நடக்காதீங்க" என்று மூன்று தடைகள். மருத்துவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் நானாக இருந்தாலும் அதிகம் செய்திருக்க முடியாது. ஆனால் ஊசியைவிட அந்த மூன்று தடைகள்தாம் அவருக்கு அதிகக் கேடு செய்கின்றன. தேய்ந்த டயரை எவ்வளவு குறைவாக ஓட்டுகிறோமோ அவ்வளவு காலம் உழைக்கும் என்பதுபோல் அவர் தம் முழங்காலைப் பற்றி நினைக்கத் தொடங்குகிறார். நடையைக் குறைக்கிறார், தொடைத் தசை இளைக்கிறது, எடை கூடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, தாங்கும் தசை இல்லாத மூட்டு முன்னைவிட அதிகமாக வலிக்கிறது, அடுத்த மாதம் மறுபடியும் ஊசிக்கு வருகிறார்.

உடம்பின் இயல்போ இதற்கு நேர்மாறானது. மூட்டின் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டைச் சூழ்ந்துள்ள திரவத்திலிருந்துதான் அது ஊட்டத்தைப் பெறுகிறது. சுமை ஏறும்போது திரவம் பிழிந்து வெளியேறி, சுமை இறங்கும்போது உள்ளே இழுக்கப்படுவதால்தான் அந்தப் போக்குவரத்து நடக்கிறது. அசைவு நின்றால் ஊட்டமும் குறையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்றும் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு வயலில் வேலை செய்பவர்களையும், படத்தில் ஒன்றுமே தெரியாமல் வலியில் துடிப்பவர்களையும் எங்கள் துறையில் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

ஆகவே மூட்டுத் தேய்மானம் என்னும் இந்த நோயைக் கண்டறிய எக்ஸ்ரே வசதி உள்ள ஊருக்கு அனுப்ப வேண்டியதில்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2022-ல் வெளியிட்ட நெறிமுறை, 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு, மூட்டை இயக்கும்போது வலி வந்து, காலை நேர இறுக்கம் இல்லாமலோ அல்லது அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடுவதாகவோ இருந்தால், படம் எடுக்காமலே மூட்டுத் தேய்மானம் என்று முடிவுசெய்யலாம் என்கிறது. அடிப்படைச் சிகிச்சையாக எல்லாருக்கும் அவரவர்க்கேற்ற உடற்பயிற்சியைத் தரச் சொல்கிறது. பாராசிட்டமாலை வழக்கமாகத் தர வேண்டாம், குளுக்கோசமின் வேண்டாம், மூட்டுக்குள் போடும் ஹயலுரோனிக் ஊசி வேண்டாம் என்றும் சொல்கிறது. கடைசி இரண்டுக்கும் நம் ஊரில் கடன் வாங்கிச் செலவு செய்கிற குடும்பங்கள் உண்டு.

உடற்பயிற்சி என்றதும் பூங்காவும் நடைபாதையும் நினைவுக்கு வருவது இயல்பு. நடப்போம் நலம் பெறுவோம் என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அடையாளம் காட்டியிருக்கிறது. ஏற்கெனவே நடக்க முடிந்தவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. முழங்கால் வலிக்காரருக்கு முதல் படி அதற்கும் முன்னால் இருக்கிறது. நான் தரும் முதல் பயிற்சி இதுதான்: கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களைச் சற்று உள்ளே இழுத்து வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மூக்கு நுனி கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்க வேண்டும். பத்து முறை, சற்று இளைப்பாறி இன்னொரு பத்து. முடியாதவருக்கு நாற்காலியின்மேல் போர்வையை நான்காக மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுவேன். தசை வலுக்க வலுக்க ஒவ்வொரு மடிப்பாகக் குறைப்பேன். ஆறு வாரத்தில் போர்வை போய்விடும். பயிற்சியின்போது பத்துக்கு ஐந்து அளவு வரை வலி வரலாம் என்பதையும், மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி என்பதையும், மூட்டு வீங்கினாலோ இரவில் வலி கூடினாலோ அளவைக் குறைக்க வேண்டுமே தவிர நிறுத்தக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாததால்தான் பாதிப் பேர் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு முன்மாதிரி உண்டு. டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, நோயை விளக்கும் இரண்டு வகுப்புகளும், வாரம் இருமுறையாக ஆறு வாரத்துக்கு 12 பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறார்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் அதையே எடுத்துக்கொண்டன. பிரிட்டனிலும் ஏறத்தாழ இதே அமைப்பில் ஒரு திட்டம் நடக்கிறது.

உங்கள் தொழில்நுட்பக் குழுவில் யாரேனும் இதற்கு எதிராகவும் சான்று காட்டக்கூடும். அதை நானே சொல்லிவிடுகிறேன். அதே டென்மார்க்கில் 2022-ல் வெளியான ஒரு சோதனையில், இந்தப் பயிற்சியும் கல்வியும் பெற்றவர்களுக்கும், மூட்டில் வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது. முழங்கால் தேய்மானத்தில் உடற்பயிற்சி குறித்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்த 2024-ஆம் ஆண்டின் காக்ரேன் மறுஆய்வும், பயன் உண்டு, ஆனால் நோயாளி உணரத்தக்க அளவு பெரியதா என்பது ஐயத்துக்குரியது என்றே முடித்தது. உடற்பயிற்சி வலியை அறவே போக்கிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் நாம் இன்று தரும் மாத்திரையின் பயனும் அதே அளவில் சிறியதுதான் என்பதையும், அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைப் பழுதாக்கி, இதயத்துக்கும் சுமை கூட்டுகிறது என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். உடற்பயிற்சியோ அதே நபரின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது. முதுமையில் கீழே விழும் வாய்ப்பைக் குறைக்கிறது. சிறிய பயன் உள்ள இரண்டு சிகிச்சைகளில், கேடு செய்வதை இலவசமாகக் கையில் கொடுத்து, நன்மை செய்வதை வாய்வார்த்தையாக விட்டுவிடுவதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இதில் உங்கள் திட்டத்துக்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. திட்டத்தின் தன்னார்வலர் வீட்டில் வந்து எனலாப்ரில் என்னும் இரத்த அழுத்த மாத்திரையைத் தருகிறார்; சிலருக்கு அதோடு சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையும் உண்டு. அதே நபர் முட்டி வலிக்கு நிலையத்தில் டைக்ளோபினாக் வாங்கிப் போகிறார். தீர்ந்ததும் மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டி இன்னும் பத்து வாங்குகிறார். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், அதுவும் கோடையில் நீரில்லாமல் வயலில் நிற்கும் உடம்பில் சேர்ந்தால், சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். ஆகவே இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் அட்டையில் வலி மாத்திரை குறித்த எச்சரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு மேலே தடவும் டைக்ளோபினாக் களிம்பு எல்லா நிலையங்களிலும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். வாய்வழி மாத்திரைக்கு முன் அதையே தர வேண்டும் என்பதுதான் நெறிமுறை. கேட்டவுடன் ஊசி போடும் வழக்கத்தை நிறுத்துவது கடினம் என்பதை அறிவேன். ஊசி போடாத மருத்துவரை ஊரே குறை சொல்லும். அதற்காகத்தான் ஊசிக்குப் பதிலாகக் கையில் கொடுப்பதற்கு வேறொன்று வேண்டும் என்கிறேன்.

அந்த வேறொன்றை எப்படிக் கொடுப்பது? புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்று கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாயும் சொல்வார். அதுபோல் துணை சுகாதார நிலையத்திலோ நலவாழ்வு மையத்திலோ வாரத்தில் இரண்டு மாலைகளை மூட்டுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மாலை என்று அழுத்திச் சொல்கிறேன். காலையில் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர் வர மாட்டார், வீட்டிலிருக்கும் முதியவர் மட்டும் வருவார். பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு சுவரும் போதும். இடமில்லாத ஊரில் பள்ளிக்கூடத் தாழ்வாரமோ மகளிர் குழுக் கட்டடமோ உண்டு. வட்டார இயன்முறை மருத்துவர் முதல் வகுப்பில் ஒவ்வொருவரையும் சோதித்து அளவை எழுதித் தருவார். பிறகு வகுப்பை நடத்துவது தன்னார்வலரும் நிலையத்துச் செவிலியரும். வராதவரின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கத் தன்னார்வலரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அவர் அதே தெருவில் இருப்பவர், சுய உதவிக் குழுவில் ஒன்றாக உட்காருபவர். ஆனால் அவருக்குத் தரும் ஊக்கத்தொகையை உயர்த்தாமல் இன்னொரு பதிவேட்டை அவர் பையில் திணிப்பது முறையல்ல.

நிலையத்தில் சித்த மருத்துவப் பிரிவு இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ள அங்கேதான் போகிறார்கள். எண்ணெய் தேய்த்துச் சூடேறிய மூட்டோடு பத்து முறை நாற்காலியில் எழுந்து உட்காரச் சொன்னால் மறுக்காமல் செய்வார்கள். மூட்டு வலி ஒரே வாரத்தில் போகும் என்று பெயரும் உரிமமும் இல்லாத பொடியைச் சந்தைகளில் விற்பவர்கள் வேறு. அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். முகம் உப்பி, சர்க்கரை எகிறி, பொடியை நிறுத்தியதும் மயங்கி விழுந்து வருபவர்களை உங்கள் நிலையங்களும் கண்டிருக்கும். இதை உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் கவனத்துக்குக் கொண்டுபோகும் கடமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உண்டு.

எல்லா மூட்டு வலியும் தேய்மானம் அல்ல. விரல்களின் சிறு மூட்டுகள் இரு கையிலும் ஒருசேர வீங்கி, காலையில் எழுந்து ஒரு மணி நேரமாகியும் விரலை மடக்க முடியாமல், வாளியின் பிடியைக்கூடப் பற்ற முடியாத இளம்பெண்ணுக்கு இருப்பது, உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வலி மாத்திரை தந்து நாளைக் கடத்தினால் மூட்டு அரித்து நிலையாகக் கோணிவிடும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை முதல் சில மாதங்களுக்குள் தொடங்கிவிட்டால் அவர் இயல்பாக வேலை செய்யலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறையே உள்ள மாநிலம் இது. வீங்கிய விரல்களோடு வருபவரை இத்தனை வாரத்துக்குள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டியாக வேண்டும் என்ற விதியும், அங்கே தொடங்கும் மருந்தைச் சொந்த ஊர் நிலையத்திலேயே தொடர்ந்து வாங்கவும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும் வழியும் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரை. தவறி நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதை வீட்டில் வந்து எண்ணிப் பார்க்க ஆள் இருக்கும் திட்டம் உங்களுடையது. காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கினால் அன்றே அனுப்ப வேண்டும் என்பதையும், சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் மூட்டு வலி மாதக்கணக்கில் நீளக்கூடும் என்பதையும் நிலையத்துப் பணியாளர் அனைவரும் தெரிந்திருக்க வேண்டும். 2006-ல் அந்தக் காய்ச்சல் பரவியபோது பட்ட பாட்டை மூத்த செவிலியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூட்டு மாற்றப்பட்ட பிறகு முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை முதல் சில வாரங்களில் விடாமல் செய்யாவிட்டால் மூட்டு இறுகிவிடும். ஊர் திரும்பியவரை வட்டார இயன்முறை மருத்துவர் அந்த வாரமே பார்க்கும்படி, அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து தகவல் போவதற்கு இன்று ஒழுங்கான வழி இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் தீரக்கூடிய குறை இது.

இவையனைத்தையும் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கக் கேட்கவில்லை. ஒரு சுகாதார மாவட்டத்தில் இரண்டு வட்டாரங்களை எடுத்துக்கொண்டு ஓராண்டு நடத்திப் பாருங்கள். பலனை அளக்கப் பெரிய கருவி வேண்டாம்: 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட சோதனை, அதைத் தொடக்கத்திலும், மூன்றாம் மாதத்திலும், ஆண்டு முடிவிலும் எண்ணி எழுதினால் போதும். கூடவே அந்த வட்டாரங்களின் நிலையங்களில் டைக்ளோபினாக் ஊசியும் மாத்திரையும் எவ்வளவு செலவாயின என்பதை இருப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்து, முந்தைய ஆண்டோடும் பக்கத்து வட்டாரங்களோடும் ஒப்பிடுங்கள். எண்கள் குறையவில்லை என்றால் திட்டத்தை நிறுத்திவிடலாம். அதை நானும் ஏற்பேன். எங்கள் மாவட்டத்தின் வட்டாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், தன்னார்வலர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தரும் பொறுப்பை ஊதியமின்றி ஏற்க நானும் என்னைப் போல் ஓய்வு பெற்ற சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.